டெக்சாஸ் கவுண்டி சிறையில் காவலர் வேலை: சேர நினைப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டன் புறநகரில் வசிக்கிறேன். வயது 31. அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பக்கத்துக் கவுண்டி சிறையில் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் ஒல்லியான ஆள். அதிர்ந்து பேசிப் பழக்கமில்லை. இந்த வேலை எனக்கு ஒத்துவருமா? எப்படிச் சேர்வது? உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? மனைவி மிகவும் பயப்படுகிறார்.

பதில்:

உடம்பைப் பற்றிய கவலையை முதலில் தள்ளிவையுங்கள். டெக்சாஸில் ஒரு நடுத்தரமான கவுண்டி சிறையில் காவலராகச் சேர்ந்து, பின்னர் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பிலும் இருந்தவன் நான். பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களில் நல்ல பலசாலிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். நிலைத்து நின்றவர்கள் நேரம் தவறாமல் சுற்று போனவர்கள். கண்ணால் கண்டதை மட்டும் பதிவேட்டில் எழுதியவர்கள். கைதியிடம் மரியாதையாகப் பேசி, மறுக்க வேண்டியதை மறுத்தவர்கள். அதிர்ந்து பேசாதவர் இந்த வேலையைச் செய்யலாம். 'முடியாது' என்ற ஒரு சொல்லைக் கோபமும் குற்ற உணர்வும் இல்லாமல் ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொல்ல முடியாதவர் செய்ய இயலாது. கிடங்கில் ஆட்களை மேய்த்த அனுபவம் இங்கே நன்றாகவே உதவும்.

எங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். மாநிலச் சிறைகள் தனி. அங்கே தண்டனை பெற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். மாநில அரசின் துறை அவற்றை நடத்துகிறது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. அதன் சிறையை நடத்துபவர் ஷெரிஃப் என்னும் காவல் தலைவர். அவரை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட்டும் சம்பளமும் கவுண்டி ஆணையர்களின் கையில். டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. சிலவற்றில் ஐம்பது படுக்கைகூட இல்லாத சிறை, ஹாரிஸ் கவுண்டியிலோ ஒரே நேரத்தில் 9,000 பேருக்கு மேல் அடைத்துவைத்திருந்த காலங்கள் உண்டு. எல்லோருக்கும் பொதுவான கண்காணிப்பு, 1975இல் உருவான டெக்சாஸ் சிறைத் தர ஆணையத்திடம் இருக்கிறது. அது ஒவ்வொரு கவுண்டி சிறையையும் ஆய்வு செய்து, தேறியதா இல்லையா என்று வெளிப்படையாக அறிவிக்கிறது.

உள்ளே இருப்பவர்கள் யார் என்பதுதான் வெளியே பலருக்கும் தெரியாத சங்கதி. 2022ஆம் ஆண்டின் நடுவில் நாடு முழுவதும் உள்ளூர்ச் சிறைகளில் சுமார் 6,63,000 பேர் இருந்தார்கள் என்கிறது அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரம். அவர்களில் நூற்றுக்கு 70 பேர் தீர்ப்பு வராதவர்கள், அதாவது விசாரணைக் கைதிகள். அந்த ஓராண்டில் சிறை வாசலைத் தாண்டி உள்ளே வந்த வருகைகளைக் கூட்டினால் 73 லட்சம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின் இயல்பு விளங்கும். ஓயாமல் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். நேற்று இரவு குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், ஜாமீன் கட்டப் பணம் இல்லாதவர், மனநோய்க்கு மாத்திரை நின்றுபோனவர், கொலை வழக்கில் இரண்டு ஆண்டுகளாக விசாரணைக்குக் காத்திருப்பவர் எல்லோரும் ஒரே கட்டடத்தில். அவர்களைத் தண்டிப்பது உங்கள் வேலையே இல்லை. நீதிமன்றம் கூப்பிடும் நாள்வரை அவர்களை உயிரோடும் காயமின்றியும் வைத்திருப்பதுதான் வேலை.

சேரும் வழி அவ்வளவு கடினமானதன்று. வயது 18 ஆகியிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ அதற்கு இணையானதோ வேண்டும். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் சேர முடியாது. சிறு குற்றங்களில் மேல் வகுப்பில் தண்டனை பெற்றிருந்தாலும் முடியாது. அதற்கு அடுத்த வகுப்பில் என்றால் கடந்த 10 ஆண்டுகளுக்குள் இருக்கக் கூடாது. டெக்சாஸில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல்முறை பிடிபடுவதே பெரும்பாலும் அந்த இரண்டாவது வகுப்பில்தான் வரும். குடும்ப வன்முறைத் தண்டனையும் தடை. பிறகு உடல் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை, உளவியல் மதிப்பீடு. சில கவுண்டிகள் ஓட்டப் பரிசோதனை வைக்கும். சில பொய் கண்டறியும் கருவியின் முன் உட்காரவைக்கும்.

பின்னணி விசாரணையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். விண்ணப்பப் படிவம் நீளமானது. குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், கடன்கள், வாங்கிய அபராதச் சீட்டுகள், எப்போதாவது போதைப்பொருளைத் தொட்டதுண்டா என எல்லாம் கேட்பார்கள். கல்லூரிக் காலத்தில் ஒருமுறை கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டவரைப் பல கவுண்டிகள் எடுத்துக்கொள்ளும். அதை மறைத்துப் பிடிபட்டவரை எந்தக் கவுண்டியும் எடுக்காது. நீதிமன்றத்தில் உங்கள் அறிக்கையை நம்பித்தான் அரசு வழக்கறிஞர் நிற்க வேண்டும். பொய் சொன்னவர் என்ற பெயர் பதிவானால் அவர் சாட்சியாகப் பயன்பட மாட்டார். பழைய முதலாளியிடம் சண்டை போட்டு வந்திருந்தால் அதையும் உள்ளபடியே எழுதிவிடுங்கள். இந்தியாவில் வாழ்ந்த ஆண்டுகளின் முகவரி, படிப்புச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டி, மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அந்தப் படிப்பு அமெரிக்கப் படிப்புக்கு இணையானது என்ற சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காகிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

தேர்வானதும் தற்காலிக உரிமத்தோடு வேலையைத் தொடங்கலாம். ஓராண்டுக்குள் கவுண்டிச் சிறைப் பணிக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்து, டெக்சாஸ் காவல் பணி ஆணையத்தின் தேர்வில் தேற வேண்டும். பயிற்சி சில வாரங்கள்தான். ரோந்துக் காவலருக்கு 700 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இருப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இது போதாது என்பது என் கருத்து. ஆள் பற்றாக்குறையால் பயிற்சி முடியும் முன்பே பிளாக்குக்குள், அதாவது கைதிகளின் அறைத் தொகுதிக்குள், அனுப்பிவிடும் சிறைகள் இருக்கின்றன. ஆகவே நேர்முகத் தேர்வில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: 'பயிற்சி அதிகாரியோடு எத்தனை வாரம் சேர்ந்து வேலை செய்வேன்? அடிப்படைப் பயிற்சி எனக்கு எப்போது?' தெளிவான பதில் வராத இடத்தில் சேரத் தயங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

வேலையின் உயிர்நாடி சுற்று. டெக்சாஸ் விதிப்படி 60 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு கைதியையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவர், மனநோயாளி, தாக்கும் குணமுடையவர், வழக்கத்துக்கு மாறாக நடப்பவர் ஆகியோர் இருக்கும் பகுதியில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. 48 கைதிகளுக்கு ஒரு காவலர் என்பது குறைந்தபட்ச விகிதம். படிக்க எளிதாக இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டில், இரண்டு பேர் வராமல் போன நாளில், ஒரு பக்கம் புதிய கைதிகள் வரிசையில் நிற்க, இன்னொரு பக்கம் ஒருவர் கழிவறைக் குழாயை அடைத்துத் தண்ணீரைப் பிளாக்கெங்கும் ஓடவிட்டிருக்க, அந்த 60 நிமிடம் எப்போது வந்து போனது என்றே தெரியாது. அந்த நேரத்தில்தான் ஒருவர் உங்கள் காதில் சொல்லுவார்: 'நேரத்தை எழுதிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.'

எழுதாதீர்கள். சுற்று தவறினால் தவறியது என்று எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். தாமதமான சுற்றுக்கு மேலதிகாரி திட்டுவார். ஆய்வில் சிறைக்குக் கெட்ட பெயர் வரும். போகாத சுற்றைப் போனதாக எழுதுவது அரசு ஆவணத்தைத் திருத்திய குற்றம். அதற்காகக் கைதாகி, தாங்கள் காவல் காத்த சிறையிலேயே கைதிகளாகப் பதிவான காவலர்கள் டெக்சாஸில் இருக்கிறார்கள். காமிரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் பொய்யாக நிரப்பிய அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் இறந்திருக்கலாம்.

சாண்ட்ரா பிளாண்டின் மரணத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஹூஸ்டனுக்கு வடமேற்கே வாலர் கவுண்டி; உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவு இருக்காது. 2015 ஜூலை 10 அன்று, தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று மாநிலக் காவலர் ஒருவர் 28 வயதான அந்தப் பெண்ணின் காரை நிறுத்தினார். பேச்சு வாக்குவாதமாகி, கைதில் முடிந்தது. ஜாமீன் 5,000 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 500 டாலர் கட்டியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். ஜூலை 13 காலையில் அவர் அறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று தீர்மானிக்கப்பட்டது. உள்ளே வரும்போது நிரப்பிய படிவத்தில், முன்பு தற்கொலைக்கு முயன்றதுண்டு என்ற தகவல் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் தனிக் கண்காணிப்பு தரப்படவில்லை. மணிக்கொரு முறை நேரில் பார்க்கும் விதியும், காவலர்களுக்குத் தர வேண்டிய பயிற்சியும் அங்கே பின்பற்றப்படவில்லை என்று சிறைத் தர ஆணையம் கண்டது. குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2016இல் 19 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

2017இல் அவர் பெயரிலேயே டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது. கைதிக்கு மனநோய் இருக்கலாம் என்று நம்பத் தகுந்த தகவல் கிடைத்தால் 12 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு அதற்கு 72 மணி நேரம் இருந்தது. ஆபத்தில் இருப்பவர்களின் அறைகளில் சுற்று உண்மையாகவே நடந்ததா என்று காட்டும் மின்னணு உணரிகளோ காமிராக்களோ வேண்டும். காவலர்களுக்கு மனநலம் குறித்து 8 மணி நேரப் பயிற்சி கட்டாயம். சிறையில் யாராவது இறந்தால் வெளி அமைப்பு ஒன்று விசாரிக்க வேண்டும். இன்று நீங்கள் சுற்று போகும்போது சுவரில் இருக்கும் பொத்தானைக் கருவியால் தொட்டுவிட்டுப் போவீர்கள். நேரம் தானாகப் பதிவாகும். நல்ல ஏற்பாடு. ஆனால் காவலர் பொத்தானைத் தொட்டார் என்பதைத்தான் கருவி சொல்லும், அறைக்குள் பார்த்தார் என்று சொல்லாது. கம்பளிக்குள் இருப்பவரின் மார்பு ஏறி இறங்குகிறதா, தோல் தெரிகிறதா, நேற்று பேசியவர் இன்று சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரா என்பவை உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். பயிற்சிக்கு வந்தவர்களிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஒவ்வொரு அறையிலும் ஒரு நொடி நின்று பாருங்கள்.

உள்ளூர்ச் சிறைகளில் நிகழும் மரணங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தற்கொலையே முதற் காரணம். மிகவும் ஆபத்தான நேரம் முதல் சில நாட்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பவருக்குத் தன் நிலை பழகிப்போயிருக்கும். நேற்று மாலை வரை வேலை, வீடு, பிள்ளைகள் என்று இருந்து, இன்று காலை சிமெண்டுப் பலகையில் கண் விழிப்பவருக்கு உலகம் இடிந்திருக்கும். முதல்முறை கைதானவர், பிள்ளைகள் தொடர்பான குற்றச்சாட்டுக்கு ஆளானவர், ஊரில் மதிப்போடு இருந்தவர் ஆகியோரைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஜாமீன் மறுக்கப்பட்ட நாளும், மனைவியிடமிருந்து விவாகரத்துத் தாள் வந்த நாளும், தண்டனை அறிவிக்கப்பட்ட நாளும் அதே அளவு அபாயமானவை. தொலைபேசியில் பேசி முடித்துத் திரும்பும் கைதியின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: 'உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?' அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. கேட்டதற்காகவே உடைந்து அழுது, உண்மையைச் சொன்னவர்கள் பலர்.

அதே முதல் நாட்களில் இன்னொரு எமன் இருக்கிறான்: போதை இறங்குவது. தினமும் குடித்துவந்தவர் குடி நின்ற சில மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவார். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வலிப்பும், இல்லாததைப் பார்க்கும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். புதிய காவலர் அதைப் பார்த்து 'திமிர் பிடித்தவன், சத்தம் போடுகிறான்' என்று அறிக்கை எழுதிவிடுவார். அபின் வகைப் போதையிலிருந்து இறங்குபவர் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் நீர் வற்றி மோசமாவார். சர்க்கரை இறங்கிய நீரிழிவு நோயாளி குடிகாரரைப் போலவே தடுமாறுவார். நீங்கள் மருத்துவரல்லர், நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்ததும் செவிலியரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட நேரத்தை எழுத வேண்டும், அவர் வராவிட்டால் மீண்டும் கூப்பிட வேண்டும். 'நடிக்கிறான்' என்று முடிவு கட்டும் அதிகாரம் காவலருக்கு இல்லை. டெக்சாஸ் மாநிலச் சிறையில் பருத்தி மூட்டை விழுந்து அடிபட்ட கேம்பிள் என்ற கைதி தொடுத்த வழக்கில், 1976இல் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டமாகவே நிலைநாட்டியது: கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது. அந்தக் கைதி தன் வழக்கில் வெல்லவில்லை. ஆனால் அவர் பெயரில் வந்த தீர்ப்பு இன்றும் ஒவ்வொரு சிறைக்கும் பொருந்துகிறது.

அடிதடி இருக்குமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, உங்கள் மனைவியின் பயத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. இருக்கும். எச்சில் துப்புவார்கள், மலத்தை வீசியவர்களும் உண்டு, குத்து விழும் நாளும் வரும். ஆனால் நாள்தோறும் சண்டை என்பது கற்பனை. பெரும்பாலான மோதல்கள் அற்பமான ஒன்றில் தொடங்குகின்றன: சாப்பாட்டுத் தட்டு குறைந்தது, தொலைபேசி நேரம் முடிந்தது, போர்வை கிடைக்கவில்லை. விஸ்கான்சினில் மன்ரோ கவுண்டி சிறையில் ஒரு விசாரணைக் கைதி தன் அறை விளக்கின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டினார். எடுக்கச் சொன்னபோது மறுத்தார். அந்தக் காகிதத்தில் தொடங்கியது விலங்கு, இழுபறி, மின் அதிர்ச்சித் துப்பாக்கி என்று வளர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கிங்ஸ்லி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2015இல் வந்த தீர்ப்பின்படி, விசாரணைக் கைதிமீது காட்டிய பலம் நியாயமானதா என்பதை அந்தக் காவலரின் மனத்தில் இருந்த நோக்கத்தை வைத்து அளக்க வேண்டியதில்லை. அங்கே அவருக்குத் தெரிந்திருந்த நிலவரத்தில் நிதானமுள்ள ஒரு காவலர் அப்படிச் செய்திருப்பாரா என்பதே அளவுகோல். 'கெட்ட எண்ணம் இல்லை' என்று சொல்லித் தப்ப முடியாது.

அதனால்தான் மெல்லப் பேசுபவர்களை நான் விரும்பி எடுத்துக்கொண்டேன். கத்துபவர் முன் குரலைத் தாழ்த்துவது பயிற்சியில் கற்க வேண்டிய கலை. உங்களுக்கு அது இயல்பாகவே இருக்கிறது. முடிகிற விஷயத்துக்கு நேரம் சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் செய்யுங்கள். 'எட்டு மணிக்குப் போர்வை வரும்' என்றால் எட்டு மணிக்கு வர வேண்டும். வராவிட்டால் எட்டு மணிக்கு நீங்களே போய், வரவில்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு பழக்கம் தடி, மிளகுத் தெளிப்பான் எல்லாவற்றையும்விட உங்களைக் காப்பாற்றும். சொன்ன சொல் தவறாத காவலருக்குக் கைதிகள் நடுவிலேயே ஒரு மதிப்பு வந்துவிடும். புதிதாக வந்து எகிறுபவரை உள்ளே இருக்கும் பழைய ஆளே அடக்கிவிடுவார்.

இந்த அணுகுமுறைக்கு ஏற்ற கட்டட அமைப்பும் உண்டு. பழைய சிறைகளில் நீண்ட நடையின் ஓரமாக அறைகள் வரிசையாக இருக்கும்; காவலர் நடந்து வரும்போது மட்டும் கண்காணிப்பு. 1981இல் கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி, மார்ட்டினெஸ் நகரில் வேறு மாதிரி ஒரு சிறையைத் திறந்தது. அறைகள் நடுக்கூடத்தைச் சுற்றி இருக்கும். காவலரின் மேசை கண்ணாடித் தடுப்பு எதுவுமின்றி அந்தக் கூடத்துக்குள்ளேயே இருக்கும். ஷிப்ட் முழுவதும் கைதிகளோடு ஒரே கூடத்தில். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் நல்ல காவலர் இருந்தால் சண்டைகள் குறைவதைப் பல கவுண்டிகள் கண்டன. நீங்கள் விண்ணப்பிக்கும் சிறை எந்த அமைப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வாய்ப்பு இருந்தால் கூடத்துக்குள் மேசை இருக்கும் சிறையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அடிதடியைவிட நான் அதிகம் அஞ்சும் அபாயம் வேறு. நல்ல குணம் உள்ளவர்களைக் குறிவைத்து வருவது அது. ஒரு கைதி மிகவும் மரியாதையாக இருப்பார். 'மற்றவர்களைப் போல நீங்கள் இல்லை' என்பார். சக காவலர் உங்களைப் பற்றிக் குறைவாகப் பேசியதைச் சொல்வார். பிறகு ஒரு நாள் ஒரு பேனா கேட்பார், கூடுதலாக ஒரு சோப்பு கேட்பார். கொடுத்தால் அது கடன் பத்திரம். அடுத்து ஒரு கடிதத்தை வெளியே சேர்க்கச் சொல்வார். அதற்கடுத்து, 'முன்பு செய்ததைச் சொல்லிவிடுவேன்' என்ற மிரட்டலோடு செல்போனோ புகையிலையோ போதைப்பொருளோ கேட்பார். சிறைக்குள் செல்போன் கொண்டுபோய்க் கொடுப்பது டெக்சாஸில் பெருங்குற்றம். கைதியோடு பாலுறவு கொள்வதும் பெருங்குற்றம். சம்மதம் இருந்தது என்ற வாதம் செல்லாது, காவலில் இருப்பவர் சுதந்திரமாகச் சம்மதிக்க முடியாது என்பதே சட்டத்தின் நிலைப்பாடு. நம் குடும்பம், வீடு இருக்கும் பகுதி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, பணக் கஷ்டம் எதுவும் உள்ளே பேச்சில் வரக் கூடாது. சின்னத் தவறு ஏதாவது நடந்துவிட்டால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட தவறை வைத்து யாரும் மிரட்ட முடியாது.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பெயரையும் உச்சரிப்பையும் நிறத்தையும் வைத்துச் சீண்டிப் பார்ப்பார்கள். முதல் மாதங்களில் எனக்கும் நடந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த வேலையைப் பார்த்தால் சலித்துவிடும். ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள், 'வலிக்கிறதா', 'மூச்சு விட முடிகிறதா', 'யாரைக் கூப்பிட வேண்டும்' என்ற அளவிலாவது. டெக்சாஸ் சிறையில் அது உயிர் காக்கும் மொழி.

சம்பளம் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும். நாடு முழுவதும், மாநிலச் சிறைகளையும் சேர்த்து, 2023இல் சிறைக் காவலர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் 53,000 டாலரை ஒட்டி இருந்தது. கிராமப்புற டெக்சாஸில் அதைவிடக் குறைவு, பெருநகரங்களை ஒட்டிய கவுண்டிகளில் பரவாயில்லை. ஓய்வூதியத்தைக் கவனியுங்கள்: பெரும்பாலான கவுண்டிகள் டெக்சாஸ் கவுண்டி ஓய்வூதிய அமைப்பில் இருக்கின்றன, உங்கள் பங்குக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி சேரும், ஓய்வு பெறும்போது கவுண்டியும் தன் பங்கைப் போடும். மருத்துவக் காப்பீடு நன்றாகவே இருக்கும். வேலைப் பாதுகாப்பு அப்படியல்ல. ஊழியரைக் காரணமின்றி நீக்க விடாத சிவில் சர்வீஸ் முறை இல்லாத கவுண்டிகளில் காவலர்கள் ஷெரிஃபின் விருப்பத்துக்கு உட்பட்டவர்கள். தேர்தலில் ஷெரிஃப் மாறினால் மேல்மட்டம் மாறும். அடிமட்டத்தில் ஒழுங்காக வேலை செய்பவரை ஆள் பற்றாக்குறைக் காலத்தில் யாரும் அனுப்புவதில்லை.

உங்கள் மனைவிக்கு மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். பெரும்பாலான சிறைகளில் காவலர் தன் செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. எனவே அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய சிறை எண்ணை அவர் வைத்திருக்க வேண்டும், நீங்கள் பதில் அனுப்பவில்லை என்று பதறக் கூடாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடியும்போது, மாற்று ஆள் வரவில்லை என்றால் கட்டாய ஓவர்டைம் வரும். பிள்ளையின் பிறந்தநாள், தீபாவளி எதுவும் அதைத் தடுக்காது. மூன்றாவதுதான் கனமானது. வேலை உங்களை மாற்றும். கடையில் கதவைப் பார்த்து உட்காரத் தொடங்குவீர்கள், வீட்டில் கேள்வி கேட்பது விசாரணை போல ஒலிக்கும், சிரிப்பு குறையும். இந்தத் தொழிலில் குடியும் மணமுறிவும் தூக்கமின்மையும் அதிகம். தற்கொலை செய்துகொண்ட காவலர்களும் இருக்கிறார்கள். கைதியிடம் தேடச் சொன்ன அதே அறிகுறிகளை உங்களிடம் அவர் தேடட்டும். வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றிக் குளித்து, அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்க அனுமதி கேளுங்கள், பிறகு பேசுங்கள். மன உளைச்சலுக்கு ஆலோசகரைப் பார்ப்பது வேலைக்குக் குந்தகம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கவுண்டிகள் பலவற்றில் ஊழியர் உதவித் திட்டத்தில் இலவச ஆலோசனை இருக்கிறது. முதல் ஆண்டிலேயே ஒருமுறையாவது போய் வாருங்கள்.

இந்த வேலையில் பத்தாண்டு, இருபதாண்டு இருப்பது ஒரு வழி. ரோந்துக் காவலராவதற்கு முன்படியாக இதை வைத்துக்கொள்பவர்கள் அதிகம். வகைப்படுத்தும் பிரிவு, நீதிமன்றப் பாதுகாப்பு, பயிற்சிப் பிரிவு என்று உள்ளேயே நகரலாம். வகைப்படுத்தும் பிரிவைக் குறிப்பாகச் சொல்வேன்: யாரை யாரோடு ஒரே பிளாக்கில் வைக்கலாம், எந்தக் கும்பல்காரர்களைப் பிரிக்க வேண்டும், யாருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை அது. கிடங்கில் கணக்கும் பதிவும் பழகியவர் அங்கே பிரகாசிப்பார்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். சிறைத் தர ஆணையத்தின் இணையதளத்தில், தேறாத சிறைகளின் பட்டியலும் ஆய்வு அறிக்கைகளும் இருக்கின்றன. உங்கள் கவுண்டி அதில் இருக்கிறதா, இருந்தால் எதற்காக என்று படியுங்கள். குழாய் ஒழுகியது என்றால் பெரிய விஷயமில்லை; சுற்றுகள் தவறின, காவலர் எண்ணிக்கை குறைந்தது என்று திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த கவுண்டியைப் பாருங்கள், அரை மணி நேரம் கூடுதலாகக் கார் ஓட்ட வேண்டியிருந்தாலும் சரி. இரண்டாவது, சிறையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விண்ணப்பதாரர்களைச் சில மணி நேரம் உள்ளே அழைத்துப்போகும் கவுண்டிகள் இருக்கின்றன; முடிந்தால் இரவு ஷிப்டில் போங்கள். வாசனை, இரைச்சல், கனமான கதவு பின்னால் சாத்தப்படும் சத்தம் எல்லாம் உங்களுக்கு எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அதைவிட, அங்கே இருக்கும் காவலர்கள் கைதிகளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறையாக இருந்தால் தைரியமாக விண்ணப்பம் போடுங்கள்.